வாயால சொன்ன உயில், எழுதி வச்ச உயில்

1926 டிசம்பர் 31. திண்டிவனத்துல ஒருத்தர் சாகக் கிடக்கறார்னு வச்சுக்குவோம். ஊர்ப் பெரியவங்க நாலு பேரைக் கூப்பிட்டு, "நான் சம்பாதிச்சு வாங்கினதுல கொல்லைமேடு மூத்தவ பொண்ணுக்கு, கிணத்து நிலம் ரெண்டாவதா வந்தவளுக்கு"ன்னு வாயால சொல்லிட்டுக் கண்ணை மூடறார். சாட்சிகளைக் கோர்ட் நம்பினா அது செல்லும். மறுநாள், 1927 ஜனவரி 1, அதையே வாயால சொல்லியிருந்தா செல்லாது.

1870-ல் வந்த இந்து உயில் சட்டம், உயில் எழுத்தில் இருக்கணும், ரெண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடணும்னு சொல்லிச்சு. ஆனா நம்ம மாகாணத்துல அது மதராஸ் நகரத்துக்கு மட்டும். தென்னார்க்காடு மாவட்டத்துல இருந்த விழுப்புரமும் திண்டிவனமும் மொஃபசில். அங்க அரை நூற்றாண்டுக்கு மேல வாய்ச்சொல்லே மரண சாசனமா இருந்துச்சு.

இந்தப் பகுதிக்கு மறுமணம் புதுசு இல்லை. 'அறுத்துக்கட்டுறது'ன்னு தமிழ்ல வார்த்தையே இருக்கு. கைம்பெண் மறுமணத்துல வீட்டுக்குள்ளேயே கட்டுற தாலிக்கு 'நடுவீட்டுத் தாலி'ன்னு பேர்னு தர்ஸ்டன் 1909-ல் பதிவு பண்ணியிருக்கார். பந்தல் இல்லை, ஊர்வலம் இல்லை, ஆனா கல்யாணம் கல்யாணம்தான். 1856-ன் விதவை மறுமணச் சட்டம் ஒரு கையால கொடுத்து இன்னொரு கையால பிடுங்கிச்சு: மறுமணம் செல்லும், ஆனா முதல் புருஷன் சொத்துல அவளுக்கு இருந்த உரிமை போயிடும்.

அப்புறம் 1949. திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்துல, மதராஸ் மாகாணத்துல இந்துக்களுக்கு இருதாரத் தடைச் சட்டம் வந்துச்சு. அதே சட்டம் விவாகரத்துக்கும் வழி விட்டது. அதுக்கு முன்னாடி 'ரெண்டாம் தாரம்'னா பல வீடுகள்ல ரெண்டு பேரும் ஒரே காலத்துல இருந்தாங்க. அதுக்கு அப்புறம் சட்டப்படி ரெண்டாவது கல்யாணம்னா, முதல் துணை இறந்திருக்கணும், இல்ல பிரிஞ்சிருக்கணும். அதாவது, வேற ஒருத்தர் பிள்ளையும் கூடவே வரலாம்.

1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளையைக் கணக்குலயே எடுத்துக்கலை. என் பாஷையில சொன்னா, உயில் இல்லாதவங்களுக்கு அந்தச் சட்டம்தான் டீஃபால்ட் செட்டிங். இந்த டீஃபால்ட் ரத்தத்தையும் தாலியையும் பார்க்கும், வளர்ப்பைப் பார்க்காது.

கற்பனையா ஒரு விழுப்புரம் குடும்பம். அப்பாவுக்கு இறந்துபோன முதல் மனைவி மூலமா ஒரு பொண்ணு. ரெண்டாவதா வந்த அம்மாவோட மூணு வயசுல வந்த பையன். ரெண்டு பேருக்கும் பிறந்த சின்னவ. பாட்டி இல்லை. அப்பா உயில் எழுதாம இறந்தா, அவர் சுயமா சம்பாதிச்ச வீடு மனைவிக்கும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் மூணு சம பங்கு. இருபது வருஷம் "அப்பா"ன்னு கூப்பிட்ட பையனுக்குப் பூஜ்யம்.

பிறகு அம்மாவும் போனா, அவங்க பங்கு அந்தப் பையனுக்கும் சின்னவளுக்கும். இப்போ மூத்த பொண்ணு வெளியே. ஒரு பெண்ணோட சொத்து விஷயத்துல 'மகன்'ங்கற சொல்லுக்குள்ள மாற்றான் மகன் வரமாட்டான்னு உச்ச நீதிமன்றம் 1987-லயே லச்மன் சிங் வழக்குல சொல்லிடுச்சு. அம்மா முதல்ல இறந்துட்டா? அப்பா வீட்டுல பையனுக்கு சுத்தமா எதுவும் இல்லை. எது கிடைக்கும்னு முடிவு பண்றது அன்பு இல்லை, யார் முதல்ல சாகறாங்கங்கற வரிசை. எனக்கு இது அநியாயமாத்தான் படுது.

இதை மாத்தற ஒரே நேர்வழி உயில். அதுலயும் பொறி உண்டு. "என் பிள்ளைகள் எல்லாருக்கும் சமமா"ன்னு எழுதினா, பையன் பிள்ளையா இல்லையாங்கற சண்டைக்கு நாமே வழி விட்டுக் கொடுக்கறோம். பேரைப் போட்டு, "என் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்து, நான் வளர்த்த"ன்னு எழுதணும்.

இன்னொண்ணு, "மனைவி ஆயுள் வரைக்கும் அனுபவிக்கட்டும், பிறகு மூத்த பொண்ணுக்கு"ன்னு எழுதற பழக்கம். கேட்க நியாயமா இருக்கும். ஆனா ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த ஆயுள் உரிமை முழு உரிமையா மாறலாம்னு 1977-ல் துளசம்மா வழக்குல தீர்ப்பு. உயில்ல எழுதினா எது பொருந்தும்ங்கறதுல குழப்பம் தீரலை; 2024 டிசம்பர்ல இதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்காங்க. அதனால இந்த வரியை மட்டுமாவது ஒரு வக்கீல்கிட்ட காட்டாம விடாதீங்க. பூர்வீக சொத்துன்னா அப்பா தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.

முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ரெண்டு சாட்சிகள் வேணும். எதுவும் வாங்கப்போகாத ஆளா, எழுதறவரை விட வயசுல சின்னவங்களா இருந்தா நல்லது. பதிவு கட்டாயம் இல்லை, ஆனா இப்படிப்பட்ட குடும்பத்துல நான் பதிவு பண்ணத்தான் சொல்வேன்.

"உயிரோட இருக்கும்போதே எழுதினா பிள்ளைங்க முகம் மாறிடும்"னு பயப்படற அப்பாக்களுக்கு 1908 பதிவுச் சட்டத்துல ஒரு வசதி இருக்கு. உயிலை உறையில போட்டு ஒட்டி, மேல பேர் எழுதி, மாவட்டப் பதிவாளர்கிட்ட ஒப்படைக்கலாம். மனசு மாறினா திரும்ப வாங்கிக்கலாம். இறந்த பிறகு யாராவது மனு போட்டா, அவங்க முன்னாடிதான் உறையைப் பிரிப்பாங்க.