ஏணியில் கட்டிய முதுகு

இடுப்பில் பட்டி கட்டி, பாரம் தொங்கவிட்டு முள்ளந்தண்டை இழுக்கும் சிகிச்சை நவீன மருத்துவத்தின் கண்டுபிடிப்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அதன் வயதோ ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், கூன் விழுந்தோருக்கான இரு முறைகளை விவரிக்கிறது. ஒன்று, நோயாளியை ஏணியில் கட்டி உயரத் தூக்கி, நிலத்தில் விழவிட்டு அதிரச் செய்வது. மற்றையது, பலகையிற் குப்புறக் கிடத்தி, இரு புறமும் வாரால் இழுத்தபடி முதுகை அழுத்துவது. ஏணி முறையை நாடுவோர் கூட்டத்தை வாய்பிளக்க வைக்க விரும்புவோரே என்று அந்நூலே கடிந்துரைக்கிறது.

1934இல் அமெரிக்க வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும், பிதுங்கிய இடைத்தட்டு நரம்பை நெருக்குவதால் காலுக்குப் பரவும் நோவு உண்டாவதை விளக்கினர். அதன் பின், இழுத்தால் தட்டு உள்ளே திரும்பும் என்ற நம்பிக்கை வலுத்தது. லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையின் ஜேம்ஸ் சிரியாக்ஸ் 1950களில் இதனைப் பெரிதும் பரப்பினார். கத்திக்கு அஞ்சியோருக்கு அது ஆறுதலாயிற்று.

ஆனால், 32 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிய 2013ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, நாரி நோவில் இழுவையால் கிட்டும் பயன் சிறிதே அல்லது இல்லை என்றது. நாரி நோவுக்கு இதனை வழங்கவேண்டாம் என 2016இல் பிரித்தானிய வழிகாட்டலும் கூறிற்று. விபத்தில் விலகிய கழுத்தெலும்பை நேராக்கவோ இழுவை இன்றும் உதவுகிறது.

முறையின் பழைமை அதன் பயனுக்குச் சான்றாகாது. நோயாளி கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது எனக்கு எதைச் செய்யும்?