கால்நடை என்னும் ஒரு சொல்

வரியை விதிப்பது சட்டம். சட்டத்தின் சொல்லுக்குப் பொருள் உரைப்பது நீதிமன்றம். இவ்விரண்டின் வேற்றுமையை, லயத்தருகே பசு கட்டிப் பிழைத்த தோட்டத்தாரும், செலாயாங் போன்ற பட்டணப் பகுதிகளில் மதிப்பீட்டு வரி செலுத்துவோரும் அறிதல் நலம். அதனை விளக்கும் சரித்திரம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு.

அங்கே 1896இல் விவசாய நிலத்தின் ஸ்தல வரி பாதியாக்கப்பட்டது. 1923இல் கால் பங்காயிற்று. 1929இல் நிலத்திற்கும் விவசாயக் கட்டடங்களுக்கும் வரி முற்றும் நீங்கிற்று. ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. கட்டடம் அந்நிலத்தில் நடைபெறும் விவசாயத்திற்கே பயன்படுதல் வேண்டும். பிற்காலத்தில் ஈஸ்ட்வுட் கம்பெனியார் பெருங் கொட்டகைகளில் இறைச்சிக் கோழி வளர்த்து, அவற்றிற்கும் விலக்குக் கோரினர். 1970இல் பிரபுக்கள் சபை மறுத்தது. கொட்டகை நிலத்து வேலைக்குத் துணையாக அமையவில்லை, தனித் தொழிலாகவே நடந்தது என்பது தீர்ப்பு.

நீதிபதிகள் தர இயலாததைப் பார்லிமெண்டு தந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், கால்நடை வளர்க்கும் கட்டடங்களுக்கும் சில நிபந்தனைகளோடு விலக்களித்தது. உணவுக்கோ கம்பளிக்கோ உழவு வேலைக்கோ வைத்துள்ள பாலூட்டியும் பறவையும் கால்நடையில் அடங்கும் என்றும் அது விளக்கிற்று.

கோழிக்கு வழி பிறந்தது. மீனுக்கோ? மீன் பண்ணையாரும் உணவுப் பொருளையே விளைவிக்கின்றனர். எனினும் மீன் பாலூட்டியுமன்று, பறவையுமன்று. 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவ்வாண்டே மற்றொரு சட்டம் மீன் பண்ணைகளுக்கு விலக்களித்தது. 1988இல் விட்ஸ்பரிப் பண்ணையின் பந்தயக் குதிரைகள் வழக்கில் வந்தன. குதிரை பாலூட்டியே, ஆனால் அது உணவுக்குமன்று, கம்பளிக்குமன்று, உழவுக்குமன்று. எல்லா விலங்கும் அடங்குமெனில் சட்டத்தின் அச்சொற்கள் வீணாகிவிடும் எனப் பிரபுக்கள் சபை கருதிற்று. மறு ஆண்டே குதிரைப் பண்ணைக்கு ஓரளவு சலுகை சட்டத்தாலேயே வந்தது.

மும்முறையும் நடந்தது ஒன்றே. நீதிமன்றம் எழுதிய சொல்லைக் கடந்து ஓரடியும் வைக்கவில்லை; பாதிக்கப்பட்டோர் சட்டமியற்றுவோரிடம் சென்று வேண்டிய சொல்லைப் பெற்றனர். பண்ணையாருக்குச் செல்வாக்கு இருந்தது. ஆதலால் அவர்களுக்கு வழி விரைவில் திறந்தது. ஏழைகளுக்கு அத்தகைய செல்வாக்கு எங்கே?

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், வழிபாட்டுத் தலம், மயானம், பொதுப் பள்ளி முதலியவற்றிற்கு வரி விலக்களிக்க இடந்தருகிறது. மாட்டுக் கொட்டகை அவ்வரிசையில் இல்லை. மாநில அரசு விலக்கோ குறைப்போ அளிக்கலாம் என வேறொரு பிரிவு கூறுகிறது. இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. எனினும் அவை தரும் படிப்பினை நமக்கும் உரியது.

கிராணிகளாகிய நாம் பிறர்க்கு மனு எழுதுகிறோம். ‘ஏழைகள்மீது இரக்கம் காட்டுக’ என்று மட்டும் எழுதுதல் போதாது. எந்தப் பிரிவு, எந்தச் சொல், யாருடைய அதிகாரம் என்பதை எழுதுவோம். இரக்கம் அதிகாரியோடு மாறிவிடும். சட்டத்தில் ஏறிய சொல்லோ, மற்றொரு சட்டம் அதனை அகற்றும்வரை நிற்கும்.