மனையும் படுக்கையும்

மறைமலை நகரில் யாரிடமாவது முகவரி விசாரித்தால், "என்.எச்.1-ஆ, என்.எச்.2-ஆ?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை ஓடுவதால், அது நேஷனல் ஹைவே என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். விஷயம் வேற. அது 'நெய்பர்ஹுட்' என்ற சொல்லின் சுருக்கம்.

அமெரிக்கத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-ல் முன்வைத்த யோசனை இது. நகரத்தைச் சின்னச் சின்னக் குடியிருப்புகளாகப் பிரிக்கணும். பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமல் நடந்தே பள்ளிக்கூடம் போகணும். கடையும் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கணும். பிரிட்டன் 1946-ல் புதுநகரச் சட்டம் போட்டு ஸ்டீவனேஜ் போன்ற ஊர்களை எழுப்பியபோது இந்த யோசனைக்கு அரசு ஆதரவும் கிடைத்தது. அதே யோசனைதான் சுற்றி வந்து செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்தாக நிற்கிறது.

மறைமலை நகர் 1980-ல் தொடங்கியது. உருவாக்கியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அன்றைக்குக் குழுமத்தின் எல்லை தெற்கே வண்டலூரோடு முடிந்துவிடும். அதாவது, தன் எல்லைக்கு வெளியே போய் ஊர் கட்டினார்கள். சென்னையின் நெரிசலைக் குறைக்க வேண்டுமானால் வேலையையும் வீட்டையும் சேர்த்தே வெளியே கொண்டுபோகணும் என்பதுதான் கணக்கு. அதனால் ஒருபக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் குடியிருப்பு. தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலை அடிகள் பெயர் ஊருக்கு. ரயில் நிலையத்தின் பெயரில் காமராசரும் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கால அரசு மனைத் திட்டங்களில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஒதுக்கீட்டு ஆணை, அப்புறம் வருஷக்கணக்கில் தவணை, கடைசியில் கிரயப் பத்திரம். தவணை கட்டி முடித்தவர் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார். 2011 கணக்கெடுப்பில் மறைமலை நகரின் மக்கள்தொகை 81,872.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே, சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் சுமார் 25 கி.மீ. வழியில் வல்லம் வடகால். சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 13 கட்டடங்கள். ஒரு கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர். பெருக்கிப் பாருங்கள்: 18,720 பேர். பெரும்பாலும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்யும் இளம்பெண்கள்.

இதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் 2021 டிசம்பரை மறந்துட்டுப் பேசக் கூடாது. விடுதிச் சாப்பாட்டால் பல பெண்கள் உடம்புக்கு முடியாமல் போக, தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அரசே நல்ல கட்டடம் கட்டித் தந்தது முன்னேற்றம்தான். வெளியூரிலிருந்து பத்தொன்பது வயதில் வரும் பெண்ணுக்கு உடனடித் தேவை மனைப்பட்டா இல்லை. பாதுகாப்பான அறை, சுத்தமான சோறு.

ஆனாலும் ஒரு வித்தியாசம் மனசை உறுத்துகிறது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. வேலை போனது பெரிய அடி. ஆனால் அங்கே சொந்த வீடு வைத்திருந்தவருக்கு வீடு போகவில்லை. மாடியை வாடகைக்கு விடலாம், வாசலில் கடை போடலாம், பிள்ளையை அதே பள்ளிக்கே அனுப்பலாம். வேலையோடு வந்த படுக்கை அப்படி இல்லை. வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

1980-ல் அரசு தொழிலாளியைக் குடும்பஸ்தராகப் பார்த்து மனை அளந்தது. 2024-ல் தனி ஆளாகப் பார்த்துப் படுக்கையை எண்ணுகிறது. இரண்டுமே தேவைதான். ஆனால் முதல் ஐந்து வருஷத்துக்குப் படுக்கை கொடுத்தால், ஆறாவது வருஷம் கல்யாணமாகி இங்கேயே இருக்க நினைக்கிற பெண் எங்கே போவாள்? இந்தச் சாலையில் அவளுக்கு என்று ஒரு என்.எச்.1 இன்னும் வரையப்பட வேண்டியிருக்கிறது.