மலையகத் தோட்டப் பள்ளிகள் (இலங்கை)

இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் பிள்ளைகளுக்காகத் தோட்ட எல்லைக்குள்ளேயே உருவான தொடக்கப் பள்ளிகள் தோட்டப் பள்ளிகள் எனப்படும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இவை மிகுதி. தெற்கே களுத்துறை, காலி, மாத்தறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் சில உண்டு. நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த இவை, 1970களில் தொடங்கிக் கட்டங்கட்டமாக அரசின் பொறுப்புக்கு வந்தன. இன்று பெயர்ப்பலகையில் மாவட்டத்தைக் குறிக்கும் ‘நு/’, ‘ப/’ போன்ற முன்னெழுத்தும், தோட்டத்தின் பெயரும், ‘தமிழ் வித்தியாலயம்’ என்ற முடிவும் இவற்றை அடையாளம் காட்டும்.

இப்பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு வரை நின்றார்கள் என்று தேடுபவர், விரைவிலேயே ஆசிரியரைப் பற்றிய கேள்விக்கு வந்து சேர்வார். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது யார், அவர் எங்கிருந்து வந்தார், எத்தனை ஆண்டு தங்கினார் என்பவையே சேர்க்கையின் ஏற்றத்தாழ்வைப் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

துரையின் பொறுப்பில்

1830களுக்குப் பின் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தது அறுவடைக் காலத்துக்கு மட்டுமே. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அப்போது பள்ளி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் வந்த தேயிலைக்கு ஆண்டு முழுதும் கை தேவை; கொழுந்து பறிக்கப் பெண்கள் தேவை. குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் நிலைத்துத் தங்கின, பிள்ளைகள் பெருகினார்கள். தோட்டப் பள்ளிக்கான தேவை பிறந்தது தேயிலையோடுதான்.

1850களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறித்தவ அமைப்புகள் சில தோட்டங்களில் பள்ளி நடத்தின. மற்ற இடங்களில் எழுத்தறிந்த ஒருவர், பல நேரங்களில் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் ஆதரவில், லயத்து வாசலில் அரிச்சுவடியும் எண்சுவடியும் சொல்லிக்கொடுத்தார். 1870க்குப் பின் பதிவு பெற்ற பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை கிடைக்க வழி ஏற்பட்டது. ஆனால் தோட்டங்களில் அதைக் கேட்டுப் பெற்ற பள்ளிகள் மிகச் சில.

தொடக்கக் கல்வியை ஆராய 1905இல் அமைந்த வேஸ் ஆணைக்குழுவின் தொடர்ச்சியாக 1907இல் கிராமப் பள்ளிச் சட்டம் வந்தது. தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கிடைக்க ஏற்பாடு செய்வதும், அதற்கு ஓர் அறை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத்தை நிர்வகித்த துரையின் கடமை என்றது அந்தச் சட்டம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அந்தக் கடமையை இன்னும் இறுக்கியது. சட்டம் வந்த பிறகு பள்ளிகளின் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் கடமை சுமத்தப்பட்டது பள்ளியால் எந்த ஆதாயமும் காணாத ஒருவர் மீது. பத்து வயதுப் பிள்ளை பேர் பதிந்து வேலைக்கு வந்தால் தோட்டத்துக்கு லாபம். பள்ளிக்குப் போனால் ஓர் ஆள் குறைவு. இந்த முரண்பாட்டைச் சட்டம் தொடவே இல்லை.

தோட்டத்து வாத்தியாரின் நிலை இதிலிருந்தே வந்தது. ஒரு பள்ளி, ஓர் அறை, ஒரே ஆசிரியர், ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். சம்பளம் தோட்டக் கணக்கில். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் மாலையில் தொழிலாளருக்குக் கடிதம் எழுதினார், மனு எழுதினார், தேவைப்பட்டால் தோட்டத்தின் எழுத்து வேலைகளையும் பார்த்தார். பயிற்சி பெற்றவர் மிகக் குறைவு. அவருடைய வேலை துரையின் விருப்பத்தில் தொங்கியது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் துணிவு அவருக்கு எப்படி வரும்? இந்த வரிசையில் பலர் பெயர் தெரியாமல் போனாலும், மலையக இலக்கியம் தோட்டத்து வாத்தியாரிடம் கடன்பட்டிருக்கிறது. பதுளைப் பக்கத்துத் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப், அந்தத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு தெளிவத்தை ஜோசப் ஆனார்.

இலவசக் கல்வி எட்டாத மலை

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த சிறப்புக் குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் இவ்வளவு முன்னதாக இப்படி ஒரு முடிவெடுத்த நாடுகள் அரிது. இலங்கையின் எழுத்தறிவு அண்டை நாடுகளை விட உயர்ந்து நிற்பதற்கு அதுவே அடித்தளம். சிங்கள, தமிழ்க் கிராமங்களில் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அலையாகப் பெருகினார்கள். தோட்டத்தில் அந்த அலை அடிக்கவில்லை. அங்கே பள்ளி தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே நின்றது. தோட்டப் பள்ளிகளை அரசு முறைக்குள் கொண்டுவரும் எண்ணம் 1947இன் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்றும், நடைமுறையில் பெரிய மாற்றம் வரவில்லை.

காரணம் வெறும் நிர்வாகச் சோம்பல் அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளி கட்டித் தர எந்த அமைச்சருக்கும் அவசரமில்லை. 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகள் நாடெங்கும் அரசுடைமையானபோது தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு அரசு ஆசிரியர், ஒரு மைல் மேலே லயத்துப் பிள்ளைக்குத் தோட்டத்து வாத்தியார் என்ற பிரிவு மேலும் இருபது ஆண்டு நீடித்தது.

இலங்கையும் இந்தியாவும் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவும் வகை செய்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இதன் விளைவு பள்ளிப் பதிவேட்டில் நேரடியாகத் தெரிந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் கிளம்ப, படிப்பு நடுவில் அறுந்தது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெற்றோர், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதையே ஒத்திப்போட்டார்கள்.

அரசின் கைக்கு

1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. பள்ளிகளும் அதைத் தொடர்ந்து ஒவ்வொரு தொகுதியாகக் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. அதே ஆண்டுகள்தான் மலையகத்தின் மிகக் கொடிய ஆண்டுகளும்: 1973–74இல் உணவுப் பஞ்சம், பட்டினிச் சாவு. அரிசியும் மாவும் கிடைக்காத நாட்களில் பள்ளி அறைகள் வெறிச்சோடின.

அரசு எடுத்துக்கொண்டதால் ஆசிரியருக்கு அரசுச் சம்பளமும் சேவை விதிகளும் வந்தன. பாடநூல் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் தமிழில் கற்பிக்கத் தகுதி பெற்றவர்கள் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தார்கள். நியமனம் பெற்று மலையேறி வந்த யாழ்ப்பாண, மட்டக்களப்பு ஆசிரியர்கள் பலர் உழைத்துப் பாடம் சொன்னார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் தங்க வீடில்லாத, குளிர் நிறைந்த, சொந்த ஊருக்கு ஒரு நாள் பயணத் தூரமுள்ள இடத்தில் இடமாற்றம் கேட்காமல் இருந்தவர்கள் குறைவு. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வெளியூர்த் தமிழ் ஆசிரியர் மலையகத்துக்கு வரவே தயங்கினார்.

திருப்பம் வந்தது மலையகத்துக்குள்ளிருந்தே ஆசிரியர்களை எடுக்கத் தொடங்கியபோது. 1978இல் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரான பிறகு தோட்டத்து இளைஞர்களுக்கு ஆசிரியர் நியமனம் கேட்கும் குரல் அமைச்சரவைக்குள்ளேயே ஒலித்தது. 1980களில் தோட்டச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தொகுதி தொகுதியாக நியமிக்கப்பட்டார்கள். சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடமும் பயிற்சியும் தந்தது. ஜெர்மன் உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தது.

இதன் பலனை ஒரு பள்ளி நாளை நெருங்கிப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். காலை ஏழரை மணிக்குப் பள்ளி. அதற்கு முன்பே தாய் கொழுந்துக்குக் கிளம்பியாக வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) விட முடியாத நாளில் எட்டு வயது அக்காள் வீட்டில் நிற்பாள். சம்பள நாளிலும் கோவில் திருவிழாவிலும் பாதி வகுப்பு காலி. நெடுந்தொலைவிலிருந்து பேருந்தில் வந்து, பிரதான சாலையிலிருந்து தேயிலைக்குள் நடந்து வகுப்புக்குச் சேரும் ஆசிரியர் வரவு இடாப்பில் சுழியம் போட்டுவிட்டு நகர்வார். அவருக்கு அந்தப் பிள்ளையின் லயம் எது என்றே தெரியாது. அதே தோட்டத்தில் பிறந்த ஆசிரியருக்கு லயத்தில் எந்தக் காம்பரா (அறை) என்று தெரியும், தாயின் பெயரும் தெரியும். மாலையில் போய்க் கேட்பார். இது சிறிய விஷயம் அல்ல. 1980களுக்குப் பின் தோட்டங்களில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் கூடியதற்குக் கட்டடங்களை விட இதுவே பெரிய காரணம் என்று சொல்வதில் தவறில்லை. 1988, 2003 குடியுரிமைச் சட்டங்கள் நாடற்ற நிலையை முடித்ததும், 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை கட்டாயக் கல்வி நடைமுறையானதும் இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தன. கட்டாய வயது 2016இல் 16 ஆனது.

ஆசிரியர் உதவியாளர்

நியமனங்கள் தொடர்ந்தும் காலியிடங்கள் தீரவில்லை. 2015ஐ ஒட்டி க.பொ.த. உயர்தரத் தேர்வு முடித்த சுமார் 3,000 பேரைப் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்தார்கள். முதலில் மாதம் 6,000 ரூபாய்ப் படி, பிறகு 10,000. பயிற்சி முடித்த பிறகே ஆசிரியர் சேவையில் சேரலாம். அந்தத் தொகையில் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவு செய்தால் கையில் எதுவும் மிஞ்சாது. பிற்பாடு ஆசிரியர் சேவையில் சேர்க்கப்பட்டது அவர்கள் போராடிப் பெற்றதுதான். தோட்டத்து வாத்தியாரின் குறைந்த சம்பளம், நூறு ஆண்டு கழித்து வேறு பெயரில் திரும்பி வந்தது வேதனைக்குரியது. எனினும் அவர்களில் பெரும்பாலோர் மலையகத்தாரே என்பதால் பள்ளிகளில் நிலைத்து நின்றார்கள்.

தேசியப் புள்ளிவிவரம் இந்தப் பற்றாக்குறையைக் காட்டாது. சுமார் 10,000 அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 40 லட்சம் மாணவர்கள் படிக்கும் இலங்கையில், சராசரியாக இருபதுக்கும் குறைவான மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். தெற்காசியாவில் இது பொறாமைப்படத்தக்க அளவு. ஆனால் நகரத்துச் சிங்களப் பள்ளியில் மிகுதியாக உள்ள ஆசிரியரைத் தமிழ் வழித் தோட்டப் பள்ளிக்கு மாற்ற முடியாது. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தமிழில் கற்பிப்பவர் கிடைப்பது மேலும் கடினம். இந்தியாவின் புதுச்சேரியை அறிந்தவருக்கு இது உடனே விளங்கும். ஒரே ஆட்சிப் பகுதிக்குள் தமிழும், மாஹேயில் மலையாளமும், ஏனாமில் தெலுங்கும் இருப்பதால், புதுச்சேரி நகரில் மிகுதியாக உள்ள தமிழாசிரியரைக் கொண்டு ஏனாமின் காலியிடத்தை நிரப்ப முடியாது. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது.

பிள்ளைகள் குறையும் காலம்

2013இல் இலங்கையில் பிறந்த குழந்தைகள் சுமார் 3.65 லட்சம். 2023இல் இது 2.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பத்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் இனி ஆண்டுதோறும் குறைவார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இன்றிப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடின. ஆசிரியர்கள் பலர் ஊதியமில்லா விடுப்பில் வெளிநாடு போனார்கள். தோட்டங்களிலிருந்து இளம் குடும்பங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் நகர்வதும் தொடர்கிறது. ஐம்பது பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளிகள் நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றை இணைத்துவிடலாம் என்ற பேச்சு ஒவ்வோர் ஆட்சியிலும் எழுகிறது.

இணைப்பு எல்லா இடத்திலும் ஒரே பொருள் தராது. புதுச்சேரியிலும் பிறப்பு விகிதம் வெகுவாகத் தாழ்ந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு 1.5 குழந்தைகள். உப்பளம் போன்ற நெருக்கமான பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி மூடினால், பிள்ளை இன்னும் சில தெரு நடந்தால் அடுத்த பள்ளி வந்துவிடும்.  மலையகத்தில் அடுத்த தமிழ் வித்தியாலயம் இன்னொரு மலைக்கு அப்பால் இருக்கும். இடையில் பேருந்து ஓடாது, மழைக்காலத்தில் மண் சரியும். முதலாம் வகுப்புப் பிள்ளையால் தனியே போக முடியாது. கூட்டிப் போகும் தாய்க்கு அரை நாள் பேர், அதாவது கூலி, போய்விடும். எனவே ஐம்பது என்ற எல்லையை நாடு முழுதும் ஒன்றாக வைப்பது தோட்டத்துக்குப் பொருந்தாது. நடக்கும் தூரத்தைக் கணக்கில் எடுக்கும் தனி விதி அங்கே தேவை.

காலி, மாத்தறை, களுத்துறைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. தமிழ்க் குடும்பங்கள் சிதறி வாழும் அப்பகுதிகளில் தமிழ் வழிப் பள்ளிகள் மிகச் சில; இருப்பவற்றிலும் ஆசிரியர் போதாது. அருகில் பள்ளி இல்லாத பிள்ளைகள் சிங்கள வழிப் பள்ளியில் சேர்கிறார்கள். நாட்டின் சேர்க்கை விகிதத்தில் அவர்கள் பள்ளி செல்லும் பிள்ளைகளாகவே எண்ணப்படுகிறார்கள். தமிழ் எழுதப் படிக்க அவர்கள் எங்கே கற்பது என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி எதுவும் இல்லை.