சர்க்கரை போட்ட கணக்கு

லண்டனில் வில்லியம் பாண்ட்டிங் என்று ஒரு மனிதர் இருந்தார். சவப்பெட்டி செய்து, இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது தொழில். சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து அரச குடும்பத்தில் சாவு என்றால் இவர் குடும்பத்துக்குத்தான் ஆள் வரும். நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலமும் (1852) இவர்கள் ஏற்பாடுதான்.

ஊருக்கெல்லாம் அளவெடுத்துப் பெட்டி செய்தவருக்குச் சொந்த அளவுதான் பிரச்னையாகப் போனது. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 92 கிலோ. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் நேராக இறங்க முடியாது. குழந்தை மாதிரி பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக இறங்குவார்.

டாக்டர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தார். தினம் காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். உடம்பில் தெம்பு வந்தது. கூடவே யானைப்பசியும் வந்தது. தின்றார். எடை இன்னும் ஏறியது. துருக்கிக் குளியல், மருந்துத் தண்ணீர், எதற்கும் அசையவில்லை அந்த உடம்பு.

1862 ஆகஸ்டில், காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். அங்கேதான் திருப்பம். ஹார்வி, பாரிஸில் கிளாட் பெர்னார்ட் என்ற மேதையின் சொற்பொழிவுகளைக் கேட்டுவிட்டு வந்தவர். நம் கல்லீரலே சர்க்கரை தயாரிக்கிறது என்று கண்டுபிடித்தவர் பெர்னார்ட். நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் குறைக்கிறோமே, குண்டானவர்களுக்கும் அதையே செய்தால் என்ன என்று ஹார்வி யோசித்தார்.

ரொட்டி, சர்க்கரை, பால், வெண்ணெய், பீர், உருளைக்கிழங்கு. எல்லாவற்றுக்கும் தடை போட்டார். கறி, மீன், காய்கறி தாராளமாகச் சாப்பிடலாம். கொஞ்சம் ஒயினும் உண்டு.

ஒரே வருடம். பாண்ட்டிங் 21 கிலோ இளைத்தார்.

சும்மா இருப்பாரா? 1863ல் சொந்தக் காசில் ஒரு சின்னப் புத்தகம் போட்டு ஊருக்கு இலவசமாகக் கொடுத்தார். டாக்டர்கள் கேலி செய்தார்கள். சவப்பெட்டிக்காரனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். மக்கள் கேட்கவில்லை. அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. ஸ்வீடனில் இன்றைக்கும் டயட் இருப்பதற்கு 'பாண்ட்டா' என்றுதான் பெயர். பாண்ட்டிங் 81 வயது வரை வாழ்ந்து 1878ல் காலமானார்.

ஆக, சர்க்கரையையும் மாவையும் குறைத்தால் உடம்பு இளைக்கும் என்பது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. அதன் பிறகு சுமார் நூறு வருடம், இளைக்க வேண்டுமா, ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் குறை என்பதுதான் ஐரோப்பிய வீடுகளில் பாட்டிகளுக்கும் தெரிந்த வைத்தியம். பிறகு அது எப்படிக் காணாமல் போனது? அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1955 செப்டம்பர். அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு. தேசமே ஆடிப் போனது. நல்லா இருந்த மனுஷனுக்கு ஏன் வந்தது? எதனால் வந்தது? அத்தனை பேரும் கேட்ட கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தார் ஒருவர். பெயர் ஆன்சல் கீஸ். மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். கெட்டிக்காரர். பிடிவாதக்காரர். எதிரே நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் வாதத்தை முடித்துவிடக்கூடியவர்.

அவர் காட்டிய எதிரி, கொழுப்பு. கொழுப்பு தின்கிறாய், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது, குழாய் அடைக்கிறது, நெஞ்சு நிற்கிறது. கேட்டவுடன் புரிகிறது அல்லவா? அதுதான் அதன் பலம். 1958ல் ஏழு நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு மாபெரும் ஆய்வைத் தொடங்கினார். 1961ல் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம். அதே வருடம் அமெரிக்க இதய சங்கம், கொழுப்பைக் குறையுங்கள் என்று சொன்னது.

லண்டனில் இன்னொருவர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். ஜான் யுட்கின். குவீன் எலிசபெத் கல்லூரியில் ஊட்டச்சத்துப் பேராசிரியர். 1957ல் பிரிட்டனின் புள்ளிவிவரங்களை எடுத்துவைத்துப் பார்த்தார். மாரடைப்பு மரணங்கள் ஏறியது எதோடு நன்றாகப் பொருந்துகிறது தெரியுமா? ரேடியோ, டி.வி. லைசென்ஸ்களின் எண்ணிக்கையோடு! டி.வி. வாங்கினால் மாரடைப்பு வரும் என்று யாராவது சொல்வார்களா? இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறுகின்றன என்பதற்காக ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று சுட்டிக்காட்டினார்.

யுட்கினின் சந்தேகம் சர்க்கரை மீது. மனிதன் ஆதியிலிருந்து கறி தின்கிறான், கொழுப்பு தின்கிறான். மூட்டை மூட்டையாக வெள்ளைச் சர்க்கரை தின்பது கடைசி இருநூறு, முன்னூறு வருடக் கூத்து. புதிய நோய்க்குப் பழைய உணவைக் குற்றம் சொல்வானேன்? 1972ல் சாதாரண ஜனங்களுக்கும் புரிகிறாற்போல் புத்தகம் எழுதினார். கீஸ் விடுவாரா? அதற்கு முந்தைய வருடமே யுட்கினின் வாதங்களை நார் நாராகக் கிழித்துக் கட்டுரை போட்டிருந்தார். சர்க்கரைக் கம்பெனிகளும் பாய்ந்தன. யுட்கின் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டப்பட்டார். 1995ல் அவர் இறந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இதுவரை இரண்டு பேராசிரியர்களின் சண்டை. எந்தத் துறையிலும் நடப்பதுதான். ஆனால் மேடைக்குப் பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அது வெளியே வர ஐம்பது வருடம் ஆனது.

கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்று ஒரு பல் டாக்டர். நூலகங்களில் தூசு படிந்து கிடந்த சர்க்கரைத் தொழிலின் பழைய கடிதங்களைத் தேடித் தேடிப் படித்தார். 2016ல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட கட்டுரை ஒரு குண்டு. சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற கம்பெனிகளின் அமைப்பு, அறுபதுகளின் நடுவில் ஹார்வர்ட் விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்திருந்தது. வேலை என்ன? இதய நோயில் சர்க்கரையின் பங்கைச் சின்னதாக்கி, கொழுப்பைப் பெரிதாக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். 1967ல் அது உலகின் மிக மரியாதையான மருத்துவ இதழ்களில் ஒன்றில் வந்தது. யார் பணம் கொடுத்தார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. அப்போது அப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அந்த இதழில் இல்லை.

கொடுத்த தொகை? 6,500 டாலர். இன்றைய மதிப்பில் கணக்குப் போட்டாலும் ஒரு நல்ல காரின் விலைதான். அதற்குள் ஒரு தேசத்தின் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிவைக்க உதவியாயிற்று.

நியாயமாகவும் பேசவேண்டும். கீஸ் காசுக்காகப் பேசினார் என்று சொல்லிவிட முடியாது. நம்பித்தான் பேசினார். நிறைவுற்ற கொழுப்பு கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பது இன்றும் நிற்கிற உண்மை. 1977ல் அமெரிக்க செனட் கமிட்டி அறிக்கை, சர்க்கரையையும் குறைக்கத்தான் சொன்னது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது 'கொழுப்பு' என்ற ஒரே சொல். கம்பெனிகள் கொழுப்பை எடுத்தன. கொழுப்பு போனால் ருசி போகும். ருசிக்குச் சர்க்கரையைக் கொட்டின. 'கொழுப்பில்லாத பிஸ்கட்' என்று அட்டையில் போட்டதும், ஒரு பாக்கெட்டை மனசாட்சி உறுத்தாமல் முடித்தார்கள் ஜனங்கள். 1992ல் அரசாங்கம் வெளியிட்ட உணவுப் பிரமிடு, ரொட்டி, அரிசி, பாஸ்தா வகையறாக்களைத் தினம் ஆறிலிருந்து பதினோரு பங்கு வரை சாப்பிடச் சொன்னது.

சரி, சர்க்கரை வில்லன். அப்படியென்றால் எல்லா மாவுச்சத்தையும் தூக்கி எறிந்துவிடலாமா? 2018ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கொழுப்பு குறைவு. இன்னொன்றுக்கு மாவுச்சத்து குறைவு. இரண்டு பக்கமும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ இளைத்தது. பெரிய வித்தியாசமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு கூட்டத்துக்கும், சேர்த்த சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறை, காய்கறியைக் கூட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

கொழுப்பா, மாவுச்சத்தா என்று கட்சி கட்டிய இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் அதுதான். உலக சுகாதார நிறுவனமும் 2015ல் அதையே சொன்னது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் உத்தமம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? 2023ல் வெளியான இந்திய ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. 2025ல் அதே ஆய்வுக்குழு இன்னொன்று சொன்னது. இந்தியர் சாப்பிடும் நூறு கலோரியில் சுமார் 62, மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கும் சிறுதானிய மாவுக்கும் மாறினால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மொத்த மாவில் கொஞ்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் என்று புரதம் வந்தால்தான் பலன். 'ராத்திரி சோறே கிடையாது சார், நாலே நாலு சப்பாத்திதான்' என்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கலாம்.

நாளைக்கு வேறொரு நிபுணர் வேறொரு எதிரியைக் காட்டுவார். காட்டட்டும். கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். பாண்ட்டிங் நல்ல மனிதர். சொந்தக் காசில் அச்சடித்தார், சும்மா கொடுத்தார். இத்தனைக்கும் ஆட்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் அவர் கடையில் வியாபாரம்!