செங்கல்பட்டுச் சீமையில் கற்பித்தல் முறையும் கல்வியின் தரமும்: திண்ணைப் பள்ளி முதல் சிற்பக் கல்லூரி வரை

ஆய்வுச் சுருக்கம்

கல்வியின் தரம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கற்பித்தல் முறையையே மையமாகக் கொள்கின்றன. அம்முறை யாரைச் சென்றடைந்தது என்னும் வினா சமூக வரலாற்றின் பொருளாகத் தனித்து நின்றுவிடுகிறது. செங்கல்பட்டுப் பகுதியின் கல்வி வரலாற்றில் திண்ணைப் பள்ளி, மன்றோவின் கணக்கெடுப்பு, 1891-ஆம் ஆண்டின் ஆட்சியர் குறிப்பு, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி ஆகிய நான்கையும் ஒருசேர வைத்து நோக்கி, இவ்விரு வினாக்களையும் பிரித்து விடைகாண இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம், திண்ணைப் பள்ளி, எண்சுவடி, சட்டாம்பிள்ளை, மன்றோ, பஞ்சமர் கல்வி, சிற்பக் கல்வி.

முன்னுரை

1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த நிலப்பகுதியே பின்னர்ச் செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. வடக்கே பொன்னேரி முதல் தெற்கே மதுராந்தகம் வரை, காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரக் கடற்கரையையும் உள்ளடக்கி அது பரந்திருந்தது. 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்த அம்மாவட்டத்தின் ஒரு பகுதி, 2019-இல் மீண்டும் செங்கல்பட்டு என்னும் பெயரைப் பெற்றது. இக்கட்டுரையில் செங்கல்பட்டுச் சீமை என்பது அப்பழைய பரப்பையே குறிக்கும்.

சென்னையை ஒட்டிய பகுதியாதலால், ஆங்கிலேய ஆட்சியின் கணக்கெடுப்புகளும் கல்விச் சோதனைகளும் முதலில் இங்கேயே நிகழ்ந்தன. ஆகவே கற்பித்தல் முறை மாறிய வரலாற்றையும், கல்வியின் வாயில் திறந்த வரலாற்றையும் ஒரே நிலத்தில் வைத்துக் காணும் வாய்ப்பை இச்சீமை தருகிறது.

திண்ணைப் பள்ளியின் கற்பித்தல் முறை

திண்ணைப் பள்ளியில் ஆண்டு வகுப்பு என்பது இல்லை. பிள்ளை மணலில் விரலால் எழுதித் தொடங்கும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஒரு சுவடியை முடித்தவர் அடுத்த சுவடிக்குச் செல்வார். முடிக்காதவர் அதிலேயே நிற்பார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களும் நிகண்டும் எண்சுவடியும் பாடங்களாக அமைந்தன. முன்னேறிய மாணவரான சட்டாம்பிள்ளை இளையோருக்கு முறைசொல்லிக் கொடுப்பார். ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பாடம் கேட்பார்.

இம்முறையின் உயிர்நாடி எண்சுவடி எனலாம். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. இக்கீழ்வாய் எண்களையும் அவற்றின் பெருக்கங்களையும் சிறுவர் ஓசையோடு ஒப்பித்து மனத்தில் இருத்தினர். இது வெறும் மனப்பயிற்சி அன்று. தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தபோது, ஊர்க் கணக்குகள் ஓலையில் இருந்தன. விளைச்சலில் ஊர்த் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கும், நிலத்தில் மிராசுதாரர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கும் பின்னங்களாகவே கணக்கிடப்பட்டன. திண்ணையில் ஒப்பித்த வாய்பாடு களத்து மேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. கற்றதற்கும் வாழ்வுக்கும் இடையே இருந்த இந்நெருக்கமே அப்பள்ளியின் முதன்மையான வலிமை.

குறைகளும் இருந்தன. செய்யுளைப் பொருளறியாது ஒப்பித்தல் பரவலாக இருந்தது. கோதண்டம் போன்ற தண்டனைகள் பிள்ளைகளை அச்சத்தில் வைத்திருந்தன. 1823-இல் பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பல் அனுப்பிய அறிக்கை இவ்விரு பக்கங்களையும் சொல்கிறது. பொருள் விளங்காத மனப்பாடத்தை அவர் கண்டித்தார். எழுதப் பழக்கும் சிக்கனமான முறையையும், முன்னேறியோர் பின்தங்கியோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் குறித்தார்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

கேம்பல் சுட்டிய அப்பின்பற்றல் சென்னை எழும்பூரில் தொடங்கியது. அங்கிருந்த ஆண் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதனைப் புகுத்த முனைந்தபோது துணையாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே மாணவருள் ஒருவனையே இளையோருக்குக் கற்பிக்க அமர்த்தினார். இச்சோதனையை விளக்கும் அவரது நூல் 1797-இல் இலண்டனில் வெளிவந்தது. ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

எனினும் இப்பயணத்தில் முறையின் இயல்பே மாறியது. மன்றோவின் கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றனர். சராசரியாக ஒரு பள்ளிக்குப் பதினைந்து பேர். அத்தகைய சிறு கூட்டத்தில் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் துணைவர். ஆசிரியர் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலோ ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி, ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் கற்பிக்கும் சிக்கன வழியாக இம்முறை பயன்பட்டது. துணையாக இருந்தது பதிலியாக மாறியது. கற்பித்தல் முறையை அது பிறந்த அளவிலிருந்தும் சூழலிலிருந்தும் பிரித்தெடுத்தால், பெயர் மட்டுமே எஞ்சும் என்பதற்கு இது தக்க சான்று.

மன்றோவின் கணக்கெடுப்பும் செங்கல்பட்டும்

மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, உள்நாட்டுக் கல்வியின் நிலையை அறிய 1822 ஜூன் 25-இல் ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்களின் பதில்களைத் தொகுத்து 1826 மார்ச் 10-இல் தம் குறிப்பை எழுதினார். அதில் செங்கல்பட்டு மாவட்டத்திற்குரிய பள்ளிகளின் எண்ணிக்கை 508. மக்கள்தொகை ஏறத்தாழ 3.63 இலட்சம். அஃதாவது எழுநூறு பேருக்குச் சற்று மேற்பட்டோருக்கு ஒரு பள்ளி; மாகாணச் சராசரியோ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

1931-இல் இலண்டனில் காந்தியடிகள், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கல்வி என்னும் அழகிய மரம் அழிந்தது என்று பேசினார். அக்கூற்றைப் பிலிப் ஹார்டாக் மறுத்தார். 1983-இல் தரம்பால் மன்றோவின் ஆவணங்களை முழுமையாக வெளியிட்டு, காந்தியடிகளின் கூற்றுக்கு வலுச்சேர்த்தார். அன்று முதல் இப்புள்ளிவிவரங்கள் பெருமிதத்துக்கோ மறுப்புக்கோ மட்டுமே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. தரம் பற்றி மன்றோ சொன்னது அந்த விவாதத்தில் பின்னுக்குப் போயிற்று.

தரக்குறைவுக்கு அவர் காட்டிய காரணம் ஆசிரியரின் வறுமை. ஆசிரியர் ஒருவரின் மாத வருவாய் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் இல்லை. தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்பது அவர் கணிப்பு. ஆகவே ஆசிரியர்க்குச் சம்பளம் தரும் அரசுப் பள்ளிகளையும், ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு பள்ளியையும் அவர் திட்டமிட்டார். ஆட்சியர் வட்டாரப் பள்ளி ஆசிரியர்க்கு 15 ரூபாய், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாய் என வகுத்தார். 1827-இல் மன்றோ காலமானார். 1836-இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன.

அட்டவணையின் கட்டங்களும் கவனத்திற்குரியவை. பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர், முகமதியர் என்று தலைப்புகள் அமைந்தன. தமிழ்ப் பகுதிகளில் ‘சூத்திரர்’ தலைப்பின்கீழ் வந்தோரே பெரும்பான்மையர். கல்வி ஒரு சாதியின் தனியுடைமையாக இருந்தது என்னும் கருத்தை இது மறுக்கிறது. அதே அட்டவணையில் மாகாணம் முழுமைக்கும் பெண்பிள்ளைகள் 4,540 பேரே; நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. ‘பிற சாதியினர்’ என்னும் ஒரே கட்டத்துக்குள் சேரியில் வாழ்ந்தோரைத் தனியே காணும் வழி இல்லை. எழுநூறு பேருக்கு ஒரு பள்ளி என்னும் கணக்கில் அவர்கள் தலைகளும் எண்ணப்பட்டிருந்தன. பள்ளியின் பயன் அவர்களுக்கு எவ்வளவு எட்டியது என்பதை அக்கணக்கு காட்டாது.

திண்ணைக்கு வெளியே

அக்கணக்கு காட்டாத மக்களின் நிலை, எழுபது ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தின் ஆட்சியரால் எழுதப்பட்டது. ஜே.எச்.ஏ. டிரமென்ஹீர் 1891-இல் செங்கல்பட்டுப் பறையர் குறித்து அரசுக்கு அனுப்பிய குறிப்பு, நிலமின்மையையும் கடன் அடிமைத்தனத்தையும் விரிவாக எடுத்துரைத்தது. குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாரரின் பிடியில் இருந்தமையால், எதிர்த்து நின்றவர் வீட்டையே இழக்கும் நிலை இருந்தது. இந்நிலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் பெற்றோரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இருக்க முடியாது. சேரியில் பள்ளி எழ வேண்டுமாயின், அது நிற்பதற்கு மிராசுதாரர் பறிக்க இயலாத ஒரு துண்டு நிலம் வேண்டியிருந்தது. 1892-இல் நிலம் வழங்குவது குறித்தும், 1893-இல் பஞ்சமர் கல்வி குறித்தும் அரசாணைகள் அடுத்தடுத்து வந்தமை தற்செயல் அன்று.

மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதி தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் சக மாணவரோடு கலந்து விளையாடாமல் ஒதுங்கியிருந்ததை அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். வாயில் திறந்த பின்னும், உள்ளே அச்சமின்றி அமர இயலாத மாணவனுக்கு எந்தக் கற்பித்தல் முறையும் முழுமையாகப் பயன்தராது. 1893-இல் அவர் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்.

1894-இல், அன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்த அடையாற்றுக் கடற்கரையின் ஊரூரில் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் அப்பள்ளிகளில் விளையாட்டின் வழிக் கற்பிக்கும் மழலையர் கல்வி முறைகள் புகுத்தப்பட்டன. புதிய முறை, நெடுங்காலம் விலக்கப்பட்ட பிள்ளைகளிடத்தில் சோதிக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

மாமல்லபுரம்: பட்டறையிலிருந்து கல்லூரிக்கு

எழுத்துக் கல்விக்கு நேர்ந்த அதே வினா, கைத்திறன் கல்விக்கு இருபதாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் எழுந்தது. சிற்பக்கலை குடும்பப் பட்டறைகளில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கல்வி. உளி தீட்டுவதில் தொடங்கி, எளிய வேலைகளில் கைபழகி, அணிகலன்களையும் முகத்தையும் செதுக்கும் தகுதியை மாணவர் படிப்படியாக அடைவார். இங்கும் ஆண்டு வகுப்பு இல்லை. கை தேர்ந்ததே தேர்ச்சி. வாயிலோ பிறப்பைப் பொறுத்தது.

1957-இல் அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவர். 1961-இல் பொறுப்பேற்ற அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி 1988 வரை அதனை வழிநடத்தினார். கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் கைவண்ணம். பரம்பரைச் சிற்பி ஒருவரே, பரம்பரைக்கு வெளியிலிருந்து வருவோருக்கும் அக்கலையைக் கற்பிக்கும் பாடத்திட்டத்தை வகுக்க நேர்ந்தது இக்கல்லூரி வரலாற்றின் சிறப்பு. தாலம், அங்குலம், யவை என்னும் அளவு முறைகள் வகுப்பறைப் பாடமாயின. கல், உலோகம், சுதை, மரம் ஆகியவற்றில் கைப்பயிற்சி தொடர்ந்தது. வாயிலை அகலத் திறந்தபோதும் முறையின் உயிரான கைப்பழக்கம் கைவிடப்படவில்லை. மாமல்லபுரம் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றமைக்குப் பின்னே இத்தொடர்ச்சியும் உண்டு.

முடிவுரை

இந்நான்கு நிகழ்வுகளிலிருந்தும் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கற்பித்தல் முறையை அதன் அளவிலிருந்து பிரிக்க இயலாது. பதினைந்து பிள்ளைகளிடையே பயன்தந்த முறை, நூற்றுக்கணக்கானோரிடையே சிக்கனக் கருவியாகிவிடும். இரண்டாவது, ஆசிரியரின் வாழ்நிலை தரத்தின் புறக்காரணி அன்று. 1826-இலேயே அது முதற்காரணியாக அறியப்பட்டது. மூன்றாவது, வாயிலைக் கணக்கில் கொள்ளாத தர மதிப்பீடு, 508 பள்ளிகளைப் பெருமையோடு எண்ணிவிட்டுச் சேரியைக் காணத் தவறும்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறவும், வெவ்வேறு நிலையினர் ஒன்றாக அமர்ந்து ஒருவருக்கொருவர் துணைநிற்கவும் வழிசெய்தது. இக்கூறுகள் திண்ணைப் பள்ளியிலும் இருந்தவை. இவ்வொப்புமையைக் கொண்டு பழைமையைப் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. அன்று திண்ணைக்கு வெளியே நின்ற பிள்ளையின் வழித்தோன்றல் இன்று அரசுப் பள்ளியின் பாயில் அமர்ந்திருக்கிறது. அந்த ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பதே இவ்வரலாறு தரும் அளவுகோல். இனிவரும் கல்வித்தர ஆய்வுகள் தேர்ச்சி விகிதத்தோடு இதனையும் அளக்க வேண்டும்.