மண்டை ஓடு என்கிற மதில்

வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தை எரித்துப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அதே வித்தையை ஒலியை வைத்து, அதுவும் மனித மூளைக்குள்ளே செய்கிறார்கள். கை நடுக்கத்துக்கு வைத்தியம்! நேற்று வந்த கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால் கதை 1950களுக்குப் போகிறது.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, பிரான்சிஸ் ஃப்ரை என்று இரண்டு சகோதரர்கள். மூளையின் ஆழத்தில் இருக்கும் சின்ன இடம் ஒன்றை, வழியில் இருப்பதைக் கெடுக்காமல், மீயொலியைக் குவித்து அழிக்கலாம் என்று விலங்குகளில் காட்டினார்கள். பிறகு அயோவாவில் ரஸ்ஸல் மேயர்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, அந்தப் பத்தாண்டின் கடைசியில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கே செய்தார்கள். நடுக்கம் குறைந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. ஒலி உள்ளே போக, மண்டை ஓட்டில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது! எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும். தடிமனும் இடத்துக்கு இடம் மாறுவதால் அலைகள் ஒரே புள்ளியில் சேராமல் சிதறும். மூளையில் கத்தி படக்கூடாது என்று வந்த முறைக்கு வாசல் திறக்கக் கத்தி! 1960களின் கடைசியில் லெவோடோபா மருந்து வந்ததும் பார்க்கின்சனுக்கான அறுவைகளே வெகுவாகக் குறைந்துவிட்டன.

மதிலைத் தாண்ட வழி சொன்னது கணினிதான். பாஸ்டனில் ஃபெரென்ட்ஸ் யோலெஸ், குல்லெர்வோ ஹூனினென் போன்றவர்கள் 1990களிலிருந்து இதற்காக உழைத்தார்கள். சி.டி. ஸ்கேனில் எலும்பின் தடிமனை அளந்து, தலைக்கவசம் போன்ற கருவியில் உள்ள 1024 ஒலிமூலங்களில் ஒவ்வொன்றையும் அதற்கேற்ப முன்பின்னாக இயக்குகிறார்கள். எலும்பு சுடாமலிருக்கக் குளிர்ந்த நீர். உள்ளே சூடு எவ்வளவு என்று பார்க்க எம்.ஆர்.ஐ. நோயாளி விழித்தே இருப்பார். நடுநடுவே சுருள் கோடு வரையச் சொல்லி நடுக்கத்தைச் சோதிப்பார்கள்.

2016-ல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாத கை நடுக்கம் (எசென்ஷியல் ட்ரெமர்) உள்ள 76 பேர். சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் நடுக்கம் சராசரியாக 47% குறைந்தது. அதே வருடம் அமெரிக்காவில் அனுமதி.

'அறுவையே இல்லை' என்ற விளம்பரம்தான் எனக்கு உறுத்துகிறது. தோலில் கீறல் இல்லை, சரி. ஆனால் உள்ளே சுட்ட இடம் சுட்டதுதான், திரும்ப வராது. அந்த ஆய்விலேயே ஒரு வருடம் கழித்தும் 14% பேருக்கு மரத்துப்போதல், 9% பேருக்கு நடையில் தடுமாற்றம். அதனால் ஆரம்பத்தில் மூளையின் ஒரு பக்கம் மட்டும்தான் செய்தார்கள். பெரும்பாலும் எழுதும் கைக்கு. இன்னொரு கைக்கும் செய்ய அமெரிக்காவில் 2022 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கும் குறைந்தது ஒன்பது மாதம் இடைவெளி விட வேண்டும்.